கிங்ஸ்ரனைக் கடந்து போன நாட்கள்

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போகும் 401 நெடுஞ்சாலையில், ஏறக்குறையப் பாதி வழியில் கிங்ஸ்ரன் நகரம் வருகிறது. 1994 இல் நாங்கள் கனடாவுக்கு வந்து சேர்ந்த பின்னர் அந்த வழியால் எத்தனை தரம் போய் வந்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. மொன்றியலில் சின்னம்மா குடும்பம் இருந்தது. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா என்று வருஷத்துக்கு நாலைந்து பயணமாவது இருக்கும். கிங்ஸ்ரனில் காரை நிற்பாட்டிப் பெற்றோல் அடிப்போம். பிள்ளைகள் இறங்கிக் கொஞ்ச நேரம் ஓடித் திரிவார்கள். அப்பா கடைக் கோப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைவிடச் சுடுதண்ணி நல்லது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். பிறகு புறப்பட்டு விடுவோம்.

அந்த நகரத்தில் ஒரு கிழவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய பெயர் லெனாட் பேர்ச்சோல். அப்பாவின் பதினோராவது வயதில் எங்கள் ஊரின் மீது குண்டு விழுந்த கதையில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு. பத்து வருஷமாக நாங்கள் அவருடைய ஊரில் கோப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறோம். அவர் அங்கே இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

தெரியவந்தது 2004 செப்ரெம்பரில், அவர் இறந்த பிறகு. ஊரில் வீரகேசரியை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும் பழக்கம் அப்பாவுக்கு. இங்கே வந்தும் அது போகவில்லை. தெரியாத வெள்ளைக்காரர்களின் மரணங்களை எல்லாம் ஆங்கிலப் பத்திரிகையில் ஒன்று விடாமல் பார்ப்பார். அன்றைக்குக் குசினிக்குள் பத்திரிகையோடு வந்து நின்றார்.

"இஞ்ச பாருங்கோ. இவன் எங்கட ஆள்."

"ஆர் அப்பா?"

"சிலோனைக் காப்பாத்தின ஆள் எண்டு போட்டிருக்கு. ஜப்பான்காரன் வாறான் எண்டு முதல் முதல் சொன்னவன். கிங்ஸ்ரனில இருந்திருக்கிறான். கிங்ஸ்ரனில!"

அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

* * *

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு "ஜப்பான்காரன் குண்டு போட்டது" என்ற கதை புதிதல்ல. எங்கள் வீட்டில் அது ஒரு காலக் கணக்கு. "குண்டு போட்டதுக்கு முதல் வருஷம் பிறந்தவள்", "குண்டு போட்ட மற்ற மாரிக்கு வாங்கின காணி" என்று பெரியவர்கள் பேசுவார்கள். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டு, கடல் கடந்து, மண்டபம் முகாமில் இருந்தபோதும் அப்பா அந்தக் கணக்கை விடவில்லை. அங்கே இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார். "ரெண்டாவது ஓட்டம்" என்றால் 1990. "முதலாவது ஓட்டம்" என்றால் 1942.

முதலாவது ஓட்டத்தை அவர் இப்படிச் சொல்லுவார்:

அப்பப்பாவுக்கு டொக்யாட்டில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்ததுமே ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்பப்பா போகவில்லை. நாலைந்து நாளில் வருஷப் பிறப்பு. சம்பளத்தை எடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். வீட்டுப் பின்வளவில், முருங்கை மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி போட்டு மண் மூடினார். வியாழக்கிழமை காலையில் அவர் வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் வானம் இரைந்தது. அப்பாவும் இரண்டு சகோதரிகளும் அப்பம்மாவும் கிடங்குக்குள். அப்பம்மா சின்னவளின் காதுகளைப் பொத்திக்கொண்டு பத்திரகாளி அம்மனைக் கூப்பிட்டாளாம். வெளியே வந்து பார்த்தபோது சீனன்குடாப் பக்கம் கறுப்புப் புகை எழும்பி நின்றது. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அப்பப்பா வந்தார். உடுப்பெல்லாம் எண்ணெய். அவர் எதுவும் சொல்லவில்லை. "வெளிக்கிடுங்கோ" என்றார். அன்றிரவே நிலாவெளிப் பக்கம் நடந்தார்கள். பலகாரத்துக்கு இடித்து வறுத்த மா அப்படியே பானையில் கிடந்ததாம்.

1990 இல் ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் பங்கர் வெட்டியது அதே இடத்தில்தான். முருங்கை மட்டும் வேறு. மண்வெட்டி பழைய பனங்குற்றி ஒன்றில் பட்டு நின்றது. அப்பா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா வெட்டினது" என்றார்.

* * *

பேர்ச்சோலின் மரண அறிவித்தலைப் பார்த்த பிறகுதான் நாங்கள் நூல்நிலையத்துக்குப் போய் மிச்சக் கதையைத் தேடினோம். எங்கள் கிடங்குக்கு மேலால் போனது என்ன என்பது அப்போதுதான் விளங்கியது.

1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானியக் கப்பற்படைதான், அதே தளபதி நகுமோவின் கீழ், 1942 ஏப்ரலில் இந்து சமுத்திரத்துக்குள் வந்தது. அங்கே போன ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து இங்கேயும் வந்தன. பேர்ள் ஹார்பருக்கு மேல் விமானங்களை வழிநடத்திய ஃபுச்சிடாவே கொழும்புக்கும் திருகோணமலைக்கும் மேலும் முன்னால் பறந்தார். அமெரிக்கர்களுக்கு அந்த டிசம்பர் காலை எப்படியோ, அப்படித்தான் எங்கள் அப்பம்மாவுக்கு அந்த ஏப்ரல் காலை.

பேர்ச்சோல் ஒன்ராறியோ மாகாணத்தில் சென் கத்தரின்ஸ் என்ற ஊரில் 1915 இல் பிறந்தவர். கனடிய விமானப்படையின் 413 ஆவது அணியைச் சேர்ந்தவர். ஏப்ரல் 4 ஆம் திகதி, தென்னிலங்கையின் கொக்கலவிலிருந்து கற்றலினா என்ற கடல் விமானத்தில் எட்டுப் பேரோடு காவல் பறப்புக்குப் போனார். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாள் முழுவதும் பறந்து, திரும்பும் வேளையில் தெற்கே அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எத்தனை கப்பல், எந்தத் திசை என்று சொல்லலாம். கிட்டப் போனால் திரும்ப முடியாது. அவர்கள் கிட்டப் போனார்கள். கப்பல்களை எண்ணிக் கொழும்புக்குக் கம்பியில்லாத் தந்தியில் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். மிச்ச ஆறு பேரையும் ஜப்பானியர் கடலிலிருந்து தூக்கி, செய்தி அனுப்பினீர்களா என்று அடித்துக் கேட்டார்கள். பிறகு 1945 வரையில் ஜப்பானில் சிறைமுகாம்.

அந்தச் செய்தி கிடைத்ததால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றை இரவோடிரவாக வெளியே அனுப்பினார்கள். மறுநாள், ஈஸ்ரர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் வந்தபோது அவர்கள் தேடிய பெரிய கப்பற்படை அங்கே இல்லை. ஆனாலும் இழப்பு இல்லாமற் போகவில்லை. அன்றே கடலில் டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை. அன்று காலையும் பேர்ச்சோலின் அணியைச் சேர்ந்த இன்னொரு கற்றலினா ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது. அதிலிருந்த ஒருவரும் திரும்பவில்லை.

அதே நாள், முதல் இரவில் எங்கள் துறைமுகத்திலிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி, மட்டக்களப்புக்கு நேரே கடலில் அகப்பட்டது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்றைக்கு அதன் மேல் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேரோடு தாண்டு போயிற்று. கூடப் போன அவுஸ்திரேலியக் கப்பலான வாம்பயரும் மூழ்கியது. விற்றா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்ததால் ஏறக்குறைய அறுநூறு பேர் பிழைத்தார்கள்.

பேர்ச்சோலின் கதை அத்தோடு முடியவில்லை. சிறைமுகாமில் நோயாளிகளை வேலைக்கு அனுப்ப மறுத்து, அவர்களுக்காக அடி வாங்கினார். அங்கே ஒளித்து எழுதிய குறிப்புகள் போருக்குப் பிந்திய விசாரணைகளில் சாட்சியாகின. பின்னர் கிங்ஸ்ரனிலுள்ள இராணுவக் கல்லூரியின் தலைவராக 1963 முதல் 1967 வரை இருந்தார். 89 ஆவது வயதில் அதே ஊரில் இறந்தார். அந்த ஏப்ரல் நாட்களே போரின் மிக ஆபத்தான கணம் என்று சேர்ச்சில் பின்னொரு விருந்தில் சொன்னாராம். அந்தக் கப்பல்களைக் கண்ட மனிதன் கடலுக்கடியில் கிடக்கிறான் என்று அவர் நினைத்திருக்க, இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று பக்கத்திலிருந்த கனடியத் தூதுவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

சேர்ச்சிலுக்கு ஒருவர் சொன்னார். எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

* * *

இதை வாசித்த எங்கள் மகன், அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, ஒரு கேள்வி கேட்டான். "அவர் காப்பாத்தினது சனத்தையா, துறைமுகத்தையா?"

கேட்க வேண்டிய கேள்விதான். பிரித்தானியருக்குத் துறைமுகம் வேண்டும், எண்ணெய் வேண்டும், றப்பர் வேண்டும். எங்கள் சனம் அந்தக் கணக்கில் எங்கே இருந்தது? "கப்பலுக்குச் சொல்ல ஆள் இருந்தது, எங்களுக்குச் சொல்ல ஆர் இருந்தது?" என்று அப்பப்பா சாகும்வரை சொல்லுவாராம். காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போன மனிதரின் கேள்வி அது.

அப்பா தன் பேரனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது சொன்னார்.

"தம்பி, அவனை அனுப்பினவங்கள் துறைமுகத்துக்காக அனுப்பியிருக்கலாம். ஆனால் கிட்டப் போறதோ திரும்புறதோ எண்டு முடிவெடுத்தது அவன். அந்த நேரம் அவன் திரும்பியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம். அதுக்குத்தான் நான் மரியாதை குடுக்கிறன். வெள்ளைக்காரன்ர ராச்சியத்துக்கில்லை."

எங்களுக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. இந்த நாட்டில் ஒவ்வொரு நவம்பரிலும் வேலைத்தலத்தில் எல்லாரும் குத்துகிறார்கள் என்பதற்காகவே நாங்களும் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு போயிருக்கிறோம். 11 மணிக்கு இரண்டு நிமிஷம் தலையைக் குனிந்து நின்றிருக்கிறோம். அது அவர்களுடைய போர், அவர்களுடைய பிள்ளைகள் என்றுதான் எங்கள் நினைப்பு. அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் எங்கள் கடலில் கிடக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் அவர்களின் சவக்காலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளி தாண்டும்போது, வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 300 க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகும்போது பஸ்ஸின் யன்னலால் எட்டிப் பார்த்து, பேய் இருக்குமோ என்று பேசிக்கொண்டு போவோம். அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். கீழே குடும்பத்தார் எழுதுவித்த ஒரு வரி. எங்கள் போர்க் காலத்தில் எங்களுடைய வீட்டுக் கூரை போய், வளவுக்குள் பற்றை முளைத்துக் கிடந்தபோதும் அந்தச் சவக்காலையில் புல் வெட்டப்பட்டிருந்தது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வெட்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். முன்பு அதைக் கேட்டபோது கோபம் வந்தது. உயிரோடு இருந்தவர்களைப் பார்க்க ஒருவரும் இல்லை, செத்த வெள்ளைக்காரனுக்குப் புல் வெட்டுகிறார்கள் என்று. இப்போது அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

அன்றைக்கு டொக்யாட்டிலும் ஆட்கள் செத்தார்கள். அப்பப்பா மூன்று பேரைச் சொல்லியிருக்கிறார். கிரேன் ஓட்டியவர் ஒருவர், அப்பாவுக்கு அவர் "கிரேன் மாமா". கொதிகலன் பக்கம் வேலை செய்த ஒரு மலையாளி. தண்ணீர் கொண்டு கொடுத்த ஒரு பெடியன், பதினாலு பதினைந்து வயது. கிரேன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து போனவர். அப்பாவுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தவர். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "கிரேன் மாமா எண்டுதான் கூப்பிடுறது" என்றார். அப்பப்பாவிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் 1968 இல் போய்விட்டார்.

ஹேர்மிஸில் இறந்தவர்களுக்கு இங்கிலாந்தில் நினைவுச் சுவர் இருக்கிறது. கல்லறை இல்லாத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த நாட்டவர்கள் தங்கள் ஆட்களை எழுதி வைத்தார்கள். அதற்காக அவர்கள் மேல் கோபப்பட முடியாது. எங்கள் ஆட்களை நாங்கள் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த எங்கள் சொந்தப் போரைப் பற்றி என்ன சொல்வது? 2009 க்குப் பிறகு துயிலும் இல்லங்களைக் கனரக வாகனங்களால் இடித்தார்கள். பெற்ற தாய்க்கு விளக்கு வைக்க இடமில்லாமற் போனது. அதேபோல, எங்கள் இயக்கங்களே சந்தியிலும் ஒழுங்கையிலும் சுட்டுப் போட்ட எங்கள் பிள்ளைகளுக்கும் கல் இல்லை. அவர்களுக்காக விளக்கு வைக்க நாங்களே துணியவில்லை. யாரை நினைக்கலாம், யாரை நினைக்கக் கூடாது என்று ஆளுக்காள் உத்தரவு போட்ட ஒரு நாட்டிலிருந்து நாங்கள் வந்திருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்ற அந்தச் சின்ன விஷயம் எங்களை இவ்வளவு தொந்தரவு செய்கிறது.

* * *

2005 ஏப்ரல் 9 ஆம் திகதி சனிக்கிழமை. அப்பா, "கிங்ஸ்ரனுக்குப் போவம்" என்றார். மொன்றியலில் ஒரு விசேஷமும் இல்லை. கிங்ஸ்ரனுக்கென்றே நாங்கள் போன முதற் பயணம் அது.

பேர்ச்சோலின் குடும்பத்தைத் தேடிப் போய்க் கரைச்சல் கொடுக்க அப்பா விரும்பவில்லை. அவர் படித்து, பிறகு தலைவராகவும் இருந்த இராணுவக் கல்லூரிக்கு ஒரு நினைவு வளைவு உண்டு. அங்கே போனோம். ஏரிப் பக்கமிருந்து வந்த குளிர் காற்று முகத்தில் அறைந்தது. அப்பா சுப்பர்மாக்கற்றில் வாங்கிய பூக்களில் இரண்டை எடுத்து வளைவின் அடியில் வைத்தார்.

"ஏன் அப்பா ரெண்டு?"

"ஒண்டு அவனுக்கு. மற்றது கிரேன் மாமாவுக்கு. அவருக்கு வேற எங்க வைக்கிறது?"

பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, "பத்து வருஷம் இருந்தது. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயா, நான் அந்தக் கிடங்குக்குள்ள இருந்த பெடியன் எண்டு" என்றார்.

திரும்பும்போது அதே கடையில் நிற்பாட்டினோம். அப்பா கோப்பியைக் குறை சொல்லவில்லை.

அப்பா 2011 இல் காலமானார். அந்தக் காலைத் தாக்குதலில் எரிந்து, பின்னர் எங்கள் துறைமுகத்திலே தாழ்த்தப்பட்ட சகாயிங் என்ற கப்பலை 2018 இல் இலங்கைக் கடற்படையினர் நீருக்கு மேலே கொண்டுவந்தார்கள். படத்தைப் பார்த்தபோது அப்பாவை நினைத்தோம். எழுபது வருஷத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்த இரும்பை எடுக்க முடிகிறது. ஒரு மனிதரின் பெயரை எடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு ஏப்ரல் 9 ஆம் திகதியும் எங்கள் வீட்டில் ஒரு விளக்கு வைக்கிறோம். பேர்ச்சோலுக்கும் அவருடைய எட்டுப் பேருக்கும், திரும்பி வராத மற்றக் கற்றலினாவுக்கும், மட்டக்களப்புக் கடலில் கிடப்பவர்களுக்கும், டொக்யாட்டின் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே விளக்கு. பேரப்பிள்ளைகள் கேட்டால் கதையைச் சொல்கிறோம். அவர்கள் பொப்பிப் பூவைக் குத்தும்போது இப்போது யாருக்காகக் குத்துகிறோம் என்று தெரிந்துதான் குத்துகிறார்கள்.

1942 ஐக் கண்ணால் கண்டவர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கு இன்றைக்குத் தொண்ணூறு வயதுக்கு அங்காலே. ரொறன்ரோவிலோ பாரிசிலோ ஒஸ்லோவிலோ ஒரு மாடிக் கட்டடத்தில், யன்னலோரத்தில் அவர்களில் ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். நாங்கள் கிங்ஸ்ரனைக் கடந்து போனதுபோல அவரைக் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், செய்த வேலை.

எங்களுக்கும் ஒரு உதவி வேண்டும். கிரேன் மாமாவைத் தெரிந்த யாராவது இருந்தால் இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள். திருகோணமலை டொக்யாட்டில் கிரேன் ஓட்டியவர். மட்டக்களப்புப் பக்கம் பெண் எடுத்தவர். காதில் கடுக்கன் போட்டிருந்தவர். பட்டம் கட்டுவதில் கெட்டிக்காரர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை வேலைக்குப் போனவர்.